பூதத்துக்கு வந்த சந்தேகம்

பூதம் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வீடியோ கேமில் குகைக்குள்ளிருந்து உறுமும் பூதத்துக்குக் குரல் கொடுத்தார். அன்றிலிருந்து ஸ்டுடியோவில் வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லாருக்கும் அவர் பூதம்தான். ஆளைப் பார்த்தால் ஒட்டடைக் குச்சிக்குச் சட்டை மாட்டிவிட்டது போல இருப்பார். வாயைத் திறந்தால்தான் பயம்.

அவர் தொழிலில் பெரும்பகுதி சாவதுதான். அம்பு பட்டுச் சாவது, மலையுச்சியிலிருந்து விழுந்து சாவது, நெருப்பில் வெந்து சாவது. ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நொடி, மூன்று நொடி என்று அளவு உண்டு. "அண்ணே, இதே சாவுதான், கொஞ்சம் சோகத்தைக் குறைச்சுக்கோங்க" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் இன்ஜினியர் சொல்வார். பூதம் ஒரு வாய் வெந்நீர் குடித்துவிட்டு மறுபடியும் சாவார். காலையில் நாற்பது பேராகச் செத்துவிட்டு மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்குகிற மனிதர். நடுவில் பெரிய வசனப் பாத்திரங்களும் வந்தன. போன வருஷம் வந்த ஒரு கேமில் கதாநாயகனின் துரோகி அண்ணனாக முந்நூறு பக்கம் பேசியிருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவருக்கு வேறு வேலை. நூறு பேர் உட்காரும் ஒரு சின்ன அரங்கத்தில், டீச்சரோடு சேர்ந்து, எழுதி வைக்காத நாடகம் போடுவார். டீச்சர் நிஜமாகவே டீச்சர்தான். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம். ஒரு கேமில் ராணிக்குக் குரல் கொடுக்க வந்தபோது பழக்கமானார். மேடையில் இரண்டு நாற்காலி, அவ்வளவுதான். பார்க்க வந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இருவரும் அங்கேயே ஒரு கூத்தைக் கட்டி எழுப்ப வேண்டும். ஒத்திகை கிடையாது. முன்கூட்டியே யோசித்துக்கொண்டு வருவது அந்தத் தொழிலில் திருட்டுக்குச் சமம். ஒன்பது வருஷமாக இருவரும் அப்படித் திருடியதில்லை. அல்லது, தான் திருடியதில்லை என்று மட்டும்தான் பூதத்துக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஏனென்றால் கொஞ்ச நாளாக ஒரு விஷயம் அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அவருக்கு வலது பக்கம், இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் வாராவாரம் வார்த்தை கொடுத்தது. மேடை விளக்கில் கண் கூசியதால் முகம் தெரியாது. குரல் மட்டும் மணி அடித்தாற்போல வரும். "லிஃப்ட்", "முடி வெட்டுற கடை", "மாமியார் வீடு". மற்றவர்கள் எதையாவது கத்தினால் டீச்சர் காதில் விழாததுபோல நிற்பார். அந்தக் குரல் கேட்டதும், "எடுத்தாச்சு" என்று சட்டென்று நாற்காலியை இழுத்துப் போடுவார். முதல் வசனமும் அவருடையதாகவே இருக்கும். சிரிப்பும் அவருக்கே முதலில் விழும்.

ஆள் வைத்து வார்த்தை கேட்க வைக்கிறாள், வீட்டிலேயே தயார் செய்துகொண்டு வருகிறாள் என்று பூதம் முடிவுகட்டினார். கேட்டுவிடலாம். கேட்டால், இல்லை என்பாள். ஆதாரம் கையில் இல்லாமல் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள அவர் தயாராக இல்லை.

சந்தேகம் ஒரு இடத்தில் நுழைந்துவிட்டால் அந்த இடத்தோடு நிற்பதில்லை. ஸ்டுடியோவில் இன்ஜினியரும் வசன இயக்குநரும் கண்ணாடிக்குப் பின்னால் மைக்கை அணைத்துவிட்டு ஏதோ பேசுவதும், அவர் நிமிர்ந்து பார்த்தால் வாயை மூடிக்கொள்வதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. முன்பெல்லாம் ஒரே தடவையில் முடியும் வசனத்துக்கு இப்போது நாலைந்து தடவை கேட்டார்கள். "ஹெட்போன் சத்தம் மைக்ல ஏறுது, கொஞ்சம் குறைங்கண்ணே" என்று இன்ஜினியர் அடிக்கடி சொல்ல ஆரம்பித்தார். பதினெட்டு வருஷம் ஏறாத சத்தம் இப்போது ஏறுகிறதாம். கழற்றிவிட வழி தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டிலும் அதே கதை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி சமையலறையில் நின்று போனில் குசுகுசுவென்று பேசினார். அவர் வாசற்படியில் வந்து நின்றால், "சரி, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார்.

"யாரு?"

"டீச்சர்தான். சும்மா."

சும்மா பேச டீச்சருக்கும் இவளுக்கும் என்ன இருக்கிறது? அன்று சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒரு சோதனை வைத்தார். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் முன்னால் போய், "இன்னிக்கு இடது பக்கம், கடைசி வரிசைக்காரங்க மட்டும் சொல்லுங்க" என்றார். டீச்சரின் முகம் ஒரு கணம் வெளுத்ததை அவர் கவனித்தார். வசமாக மாட்டினாள். பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது. "ஆவி தொலைஞ்ச வீடு" என்றார் பூதம், அதை எல்லாருக்கும் உரக்கச் சொல்லி. அரங்கத்தில் ஒரு சலசலப்பு, பிறகு சிரிப்பு. தொலைந்துபோன ஆவியாக அவரே மாறினார். இத்தனை வருஷம் குடியிருந்த வீட்டுக்கு வழி தெரியாமல் தெருத்தெருவாகக் கதவைத் தட்டினார். டீச்சர் வீட்டுக்காரியாக, "ஆவி இல்லாம வீடு வெறிச்சுன்னு இருக்குங்க, குழந்தைங்க பயப்பட மாட்டேங்குது" என்று புகார் கொடுத்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

பார்த்தாயா, தயாரிப்பே இல்லாமல்தான் இது என்று பூதம் கர்வத்தோடு திரும்பினார். டீச்சர் சிரிக்கவில்லை. தன் கைப்பையை எடுத்துக்கொண்டு, "போய்ட்டு வரேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வயிற்றெரிச்சல் என்று வைத்துக்கொண்டார் பூதம்.

அடுத்த புதன்கிழமை, இரண்டு நாள் தங்கிப்போக வந்திருந்த மச்சினனைப் பஸ் ஏற்றிவிடப் பேருந்து நிலையத்துக்குப் போனார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது தலைக்கு மேலே ஒலிபெருக்கி பேசியது. "ஏழாம் நடைமேடையில் நிற்கும் பேருந்து இன்னும் பத்து நிமிடத்தில் புறப்படும்." பூதம் அப்படியே நின்றுவிட்டார். குரலை வைத்துப் பிழைப்பவர் குரலை மறப்பாரா? 'முடி வெட்டுற கடை' என்று வார்த்தை கொடுத்த அதே குரல். அந்த 'டை'யை இழுக்கும் விதம்கூட மாறவில்லை.

மச்சினனை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, அறிவிப்பு அறையைத் தேடிப் போனார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், மைக்குக்கு முன்னால், முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி பேனாவால் நேரப்பட்டியலில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் பேனா நின்றது.

"நீங்க வருவீங்கன்னு அண்ணிகிட்ட அப்பவே சொன்னேன்" என்றார்.

"எந்த அண்ணி?"

"டீச்சர். எங்க அண்ணன் சம்சாரம்."

"அப்ப நீங்கதான் வாராவாரம் வார்த்தை கொடுக்குறது. டீச்சர் எழுதிக் கொடுக்குறாங்களா?"

"எழுதியெல்லாம் கொடுக்கல சார். நீ உன் இஷ்டத்துக்கு ஏதாவது சொல்லு, ஆனா அவர் வலது பக்கமா உட்கார்ந்து, பஸ்ஸை அறிவிக்கிற மாதிரி தெளிவாச் சொல்லு, அப்படின்னாங்க. என்ன சொல்லப்போறேன்னு அவங்களுக்கும் தெரியாது."

"எதுக்கு?"

அந்தப் பெண் மைக் அணைந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "உங்களுக்குக் காது சரியாக் கேக்கலைங்க சார். போன வாரம் அந்த ஆளு சொன்னது ஆவி இல்ல. சாவி. சாவி தொலைஞ்ச வீடு."

பூதத்துக்குச் சிரிப்புதான் வந்தது. எவ்வளவு நேர்த்தியான கதை. மாட்டிக்கொண்டால் இப்படிச் சொல்ல வேண்டும் என்று இதையும் முன்கூட்டியே ஒத்திகை பார்த்திருப்பார்கள். நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

கடைசி மணி அடித்துப் பிள்ளைகள் போயிருந்தார்கள். டீச்சர் வகுப்பறையில் தனியாக உட்கார்ந்து நோட்டு திருத்திக்கொண்டிருந்தார். அவர் வந்த வேகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"ஆறு மாசமா இருக்கு சார். கூட்டம் ஒண்ணு சொல்லும், நீங்க ஒண்ணு ஆடுவீங்க. முதல்ல வேணும்னே பண்றீங்கன்னு நினைச்சேன். அப்புறம் ஒரு நாள் சட்டைன்னு சொன்னாங்க, நீங்க அட்டையா ஊர்ந்தீங்க. பின் வரிசையில ரெண்டு பேர் கேலியாச் சிரிச்சாங்க. எனக்குத் தாங்கல."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"மூணு தடவை சொன்னேன். டாக்டரைப் பாருங்கன்னேன். நீங்க எனக்கு ஒண்ணுமில்ல, கூட்டம்தான் முணுமுணுக்குதுன்னீங்க."

அது அவருக்கு ஞாபகம் இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "இப்ப சொல்லுங்க பார்ப்போம், கேக்குதா இல்லையான்னு."

டீச்சர் எழுந்து அவர் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்தார். வருகைப் பதிவேட்டை எடுத்து வாயை மறைத்துக்கொண்டு, பத்தடி தள்ளிப் போய் நின்று, வழக்கமான குரலில் மூன்று வார்த்தை சொன்னார். பூதம் தான் கேட்டதைக் கரும்பலகையில் எழுதினார். ஆலை. இலை. ஆறு. டீச்சர் கிட்டே வந்து, சாக்பீஸை வாங்கி, பக்கத்திலேயே தான் சொன்னதை எழுதினார். சாலை. சிலை. சாறு.

பூதம் இரண்டு வரிசையையும் விரல் வைத்து ஒப்பிட்டார்.

"நீங்க இப்ப மாத்தி எழுதியிருக்கலாம்" என்றார் கடைசியில்.

டீச்சருக்குக் கோபம் வந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. "எழுதியிருக்கலாம். அதனால என்னை நம்பாதீங்க. உங்க சம்சாரத்தையும் நம்பாதீங்க. மெஷின் இருக்கு, அதைப் போய் நம்புங்க."

மெஷினைத்தான் நம்பினார். காது பரிசோதனை செய்பவர் அவரை ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துத் தலையில் ஹெட்போனை மாட்டினார். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். பூதம் காத்துக்கொண்டே இருந்தார். இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நிமிர்ந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரிசோதிப்பவர் ஏதோ வேகமாகக் குறித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் ஒரு தாளில் கோடு காட்டினார். கோடு பாதி தூரம் நேராகப் போய், பிறகு கிணற்றில் விழுந்ததுபோல இறங்கியது. இடது காதில் ரொம்பவே ஆழம்.

"கனமான சத்தமெல்லாம் கேக்கும். மெல்லிசாக் காத்து மாதிரி வர எழுத்துதான் போயிடும். 'ச' முதல்ல போகும். பக்கத்துல பேசுறவங்க முணுமுணுக்குற மாதிரி இருக்கும். என்ன வேலை பார்க்குறீங்க?"

பூதம் சொன்னார். காதை அடைத்த ஹெட்போனில் பதினெட்டு வருஷம் வெடிச்சத்தமும் தன்னுடைய அலறலும்.

"அப்ப சரிதான்" என்றார் அவர், வேறு எதுவும் கேட்கத் தேவையில்லை என்பதுபோல.

வீட்டுக்கு வந்து தாளை மனைவியிடம் நீட்டினார். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். ஆச்சரியப்படவில்லை.

"உனக்கும் தெரியும்."

"தெரியும்ங்க. டீச்சர்கிட்ட அதைத்தான் பேசிட்டு இருந்தேன்."

"அதுக்கு எதுக்கு ரகசியமாப் பேசணும்?"

"நான் ரகசியமாவே பேசல. எப்பவும் பேசுற மாதிரிதான் பேசினேன்."

பூதம் உட்கார்ந்து, சுற்றியிருந்த எல்லாரையும் ஒவ்வொருவராக மனதுக்குள் கூப்பிட்டு வைத்து விசாரித்த இத்தனை நாளையும் நினைத்துப் பார்த்தார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், வலது பக்கமாக.

ஸ்டுடியோவுக்கு மறுநாள் போனபோது, எல்லாச் சந்தேகத்துக்கும் காது மட்டுமே காரணம் என்ற நம்பிக்கையோடு போனார். இன்ஜினியரிடம் தாளைக் காட்டி, "அதான் ஹெட்போனைச் சத்தமா வெச்சிருந்தேன். உங்க பேர்ல தப்பா நினைச்சுட்டேன்பா, மன்னிச்சுக்கோ" என்றார்.

இன்ஜினியர் நாற்காலியில் நெளிந்தார். "நீங்க தப்பா ஒண்ணும் நினைக்கலைண்ணே. துரோகி அண்ணன் ரெண்டாம் பாகத்துக்கு வேற ஆளை எடுத்தாச்சு. போன மாசமே பதிவு முடிஞ்சுடுச்சு. உங்ககிட்ட யாரு சொல்றதுன்னுதான் நாங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டிருந்தோம்."

பூதம் தலையை ஆட்டினார். தனக்கு வந்த சந்தேகங்களில் ஒன்றாவது சரியாக இருந்தது. அதில் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை.

"சாவெல்லாம் உங்களுக்குத்தாண்ணே" என்றார் இன்ஜினியர் அவசரமாக. "அதுக்கு வேற ஆளே கிடையாது. இன்னிக்கே முப்பது இருக்கு."

உள்ளே போய் முப்பதும் செத்தார். ஹெட்போன் சத்தத்தைப் பாதிக்குக் குறைத்து வைத்துக்கொண்டார். அன்று இன்ஜினியர் எதையும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி மூன்று வாரத்தில் வந்தது. போட்ட முதல் நாள் சட்டைத்துணி உரசும் சத்தம் கூட எரிச்சலாக இருந்தது. டீச்சர் வீட்டுக்குத் தானே போய், "உங்க நாத்தனார் இனிமே சனிக்கிழமை வீட்டுல ஓய்வெடுக்கட்டும்" என்றார். டீச்சர் சரி என்றார். மன்னிப்பு என்ற வார்த்தையை இருவருமே எடுக்கவில்லை. டீச்சரின் கோபம் முழுதாகப் போகவில்லை என்பது அவர் டம்ளரை மேஜையில் வைத்த விதத்திலேயே தெரிந்தது. ஆனால் சனிக்கிழமை சரியாக ஐந்தரைக்கு அரங்கத்தில் இருந்தார்.

அன்று நடுவரிசையிலிருந்து தடித்த மனிதர் ஒருவர், "தராசு" என்றார். எழுத்து எழுத்தாக, கடைசிச் 'சு' உட்பட, பூதத்தின் காதில் வந்து இறங்கியது. அவர் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஐயா, என் புருஷனை எடை போடணும்" என்றார். அரங்கம் அதிர்ந்தது. பூதமும் புருஷனாக ஏறி நின்று, மூச்சை அடக்கி, எடையைக் குறைத்துக் காட்டப் பார்த்து, நன்றாகவே ஆடினார். ஆனால் மனசின் ஒரு மூலை கேட்டுக்கொண்டே இருந்தது. இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தது இவளுக்கு?

நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கலையும்போது அந்தத் தடித்த மனிதரை வாசலில் பிடித்தார்.

"டீச்சருக்கு நீங்க சொந்தமா?"

"எந்த டீச்சர்?" என்றார் அவர். "நான் இரும்புக் கடை வெச்சிருக்கேன்."

பூதம் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அந்த மனிதர் பயந்துபோய் ஒரு அடி பின்னால் வைத்தார். பிறகு பூதம், சரி, இருக்கட்டும் என்று வழிவிட்டார்.