மாலைக்குப் போன முகம்

பாபநாசம் கடைத்தெருவில் ஹமீதா பானுவின் பட்டறையில் முன்பெல்லாம் கண்ணாடியில் மக்கா, மதீனா படம் மட்டும்தான் எழுதுவார்கள். கணவன் யூனுஸ் போனபிறகு அது வயிற்றுக்குப் போதவில்லை. பாடிக் கறக்கிற மாட்டைப் பாடித்தானே கறக்க வேண்டும்? வெண்ணெய்க் கிருஷ்ணன் எழுதினாள். ஆட்சி மாறியதும் கரைபோட்ட துண்டோடு தலைவர்களை எழுதினாள். முணுமுணுத்தவர்களும் வீட்டுக்கு ஒன்று வாங்கிப் போனார்கள். கடைசியாகப் பிடித்தது செத்தவர்கள் படம். அதுதான் நன்றாக ஓடியது. சாவுக்கு எந்தப் பட்டத்திலும் விளைச்சல் உண்டு.

முகம் எழுதுவதே பாவம் என்றவன் யூனுஸ். போட்டோகூட எடுத்துக்கொண்டதில்லை. கூலி நெல் சண்டையில் வயலெல்லாம் போலீஸ் நின்ற அறுவடைக் காலத்தில், நன்னிலம் பக்கம் படம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளில் போனான். வரவில்லை. நாகப்பட்டினத்தில் மலேயாக் கப்பல் ஏறினான் என்று யாரோ சொன்னதை ஹமீதா இறுகப் பிடித்துக்கொண்டாள். நிக்காஹ்வில் அவன் கட்டிய கழுத்துக் கருகமணியைக் கழற்றவில்லை.

அந்த நன்னிலம் பக்கத்திலிருந்துதான் ரெங்கம்மாள் வந்தாள். அதே சண்டையில் செத்த காத்தானின் மனைவி.

"போட்டோ இருக்காங்க?" என்றாள் ஹமீதா.

"கூலிக்காரனுக்கு ஏதும்மா போட்டோ? களத்து வைக்கப்போர்ல தீ வச்சாங்க. கருகின உடம்பைத்தான் காட்டுனாங்க. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. மாலை போட்டு ஒரு விளக்கு வைக்கணும். அது இல்லாம அவரு போகமாட்டேங்குறாரு. விடியக்காலம் வாய்க்கால்ல மம்பட்டிச் சத்தம் கேக்குதும்மா."

ஹமீதாவுக்கும் விடியலில் சைக்கிள் மணி கேட்கிறது. யாரிடமும் சொன்னதில்லை.

கண்ணாடியில் பின்பக்கமிருந்துதான் எழுத வேண்டும். முதலில் கண்ணும் புருவமும் மீசையும், அதன்மேல் முகத்தின் நிறம். பூசிவிட்டால் கண்ணைத் திருத்த முடியாது, திருப்பிப் பார்க்கிறவரை முகமும் தெரியாது. ஒடுங்கின கன்னம், ஏறின நெற்றி, கொஞ்சம் சிரிக்கிற கண் என்று ரெங்கம்மாள் சொல்லச் சொல்ல எழுதினாள்.

அவள் போனபிறகு, காய்ந்ததும் திருப்பினாள். யூனுஸ் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாவி, கையை ஏமாற்றிவிட்டானே! சுரண்டிவிடலாம் என்று கத்தியை எடுத்தாள். மனசு வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று.

மறுவாரம் ரெங்கம்மாள் மாலையோடு வந்தாள். படம் உடைந்துவிட்டது என்று சொல்லத்தான் ஹமீதா நினைத்திருந்தாள். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். "வந்துட்டீங்களா" என்று படத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு மாலையைத் தூக்கினாள்.

"மாலை மட்டும் போடாதீங்க!" ஹமீதா கத்திவிட்டாள்.

அவள் வீட்டு வழக்கத்தில் படத்துக்கு மாலையே இல்லை. ஆனால் இந்தப் பட்டறையிலிருந்து மாலைக்குப் போன எந்த முகமும் திரும்பி வந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ரெங்கம்மாள் அவளைப் பார்த்தாள், கருகமணியைப் பார்த்தாள். அதே தீயில் வெந்தவளுக்குச் சொல்லவா வேண்டும்?

"உங்க வீட்டுக்காரரு சாயலாம்மா?"

"அவரேதாங்க. அந்தச் சண்டையப்ப நன்னிலம் பக்கம் படம் கொண்டுபோனாரு. சைக்கிள்ல."

ரெங்கம்மாளின் கை அப்படியே நின்றது.

"வைக்கப்போர் எரிஞ்ச இடத்துல ஒரு சைக்கிளும் கருகிக் கிடந்துச்சும்மா. எங்க தெருவுல யாருக்கும் சைக்கிள் கிடையாது."

கடைத்தெருவில் யாரோ மணியடித்துக்கொண்டு போனார்கள். ஹமீதா வாசலைப் பார்க்கவில்லை. மாலையின் ஒரு நுனியைத் தான் பிடித்துக்கொண்டாள். இருவருமாகப் படத்துக்குப் போட்டார்கள். அப்புறம் ஹமீதா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று கருகமணியின் முடிச்சை அவிழ்த்தாள்.