சாட்சிக் கையெழுத்து

நாடக அரங்கத்துக்கு நாற்பது வருடம் உடை தைத்த பெரியவள் போய்ச் சேர்ந்த பதினேழாம் நாள், அவள் தன் கைப்பட எழுதி, ஒட்டிக் கொடுத்திருந்த உறையை வக்கீல் பிரித்தார். வீடு அரங்கத்துக்காம்! தெருவே வாயைப் பிளந்தது.

தங்கைக்கு அதில் வருத்தமில்லை. அக்காவின் படுக்கைப் புண்ணைப் பதினோரு வருடம் துடைத்தவள். வேறு போக்கிடம் இல்லாதவள். தனக்கும் ஒரு வரி இருக்கும் என்று நம்பினாள்.

இருந்தது. தங்கை உயிரோடு இருக்கும்வரை இங்கேயே இருக்கலாம், அதன் பிறகே வீடு அரங்கத்துக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வக்கீல் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இது யாரு கையெழுத்தும்மா?"

"என்னோடதுதான் சார். ரெண்டு சாட்சி வேணும்னு அக்கா சொன்னா. ஊசி போட வந்த நர்ஸு ஒண்ணு, நான் ஒண்ணு."

"படிச்சுப் பாக்கலியா?"

"எங்க விட்டா? துணி வெட்டுற காகிதத்தப் போட்டு மூடிட்டு, 'கோடு போட்ட எடத்துல போடுடி'ன்னா. போட்டேன்."

"சாட்சி போட்டவங்களுக்கு உயில்ல எதுவும் சேராதும்மா. கிறிஸ்தவங்க உயிலுக்குச் சட்டம் அப்படி. அரங்கத்துக்கு எழுதினது நிக்கும். உங்களுக்கு எழுதினது மட்டும் செல்லாது."

சாட்சிக்கு அக்கம்பக்கத்தில் ஆளா இல்லை? ஜன்னலுக்கு ஜன்னல் இருந்தது. ஆனால் பெரியவளுக்கு இந்தத் தெருவின் வாயைக் கண்டாலே ஆகாது. "இதுங்கள கூப்பிடுறதுக்குத் தண்டோரா போட்டுடலாம்" என்பாளாம். அவளைக் குறை சொல்லவும் முடியாது. வக்கீல் படியிறங்குவதற்குள் விஷயம் முனைச் சலூனில் இருந்தது.

மறுவாரமே அரங்கத்து மானேஜர் அளவு நாடாவோடு வந்தார்.

"அக்கா பேரப் பித்தளையில வெட்டி அரங்கத்து வாசல்ல வெக்கிறோம்மா."

"நான் அந்தப் பின்கட்டு ரூம்ல மட்டும்..."

"எனக்கென்னம்மா, இருங்கன்னு சொல்லிடுவேன். கமிட்டி வித்துடச் சொல்லுது. அரங்கத்துக் கூரை ஒழுகுது."

தையல் மெஷினுக்கு என்ன விலை, பீரோவில் நகை இருந்ததா என்றெல்லாம் தெரு விசாரித்தது. எங்கே போகப்போகிறாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

மாதக் கடைசியில், சாவியை ஒப்படைக்கும் காகிதத்தை மானேஜர் நீட்டினார். அவள் வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அவர் மணியைப் பார்த்தார். அவள் அடுத்த பக்கத்தையும் படித்தாள்.

பிறகு, கோடு போட்ட இடத்தில் போட்டாள்.