கதவின் நுனியில் பூ

கல்யாணக் காரைத் தானே ஓட்டி, பெண்ணை முன்சீட்டில் உட்கார வைத்துத்தான் மண்டபத்துக்குப் போவேன் என்று ஸ்டான்லி ஒற்றைக்காலில் நின்றான். அந்தக் கதவும் பக்கவாட்டில் திறக்கக் கூடாதாம், இறக்கை மாதிரி மேலே எழ வேண்டுமாம். இரண்டாயிரத்து ஐந்தில் திண்டுக்கல்லில் அப்படியொரு கார் கிடையாது. பேகம்பூரில் கார்ப் பட்டறை வைத்திருக்கும் ஸ்டான்லிக்கு அதுவே போதுமான காரணம்.

"மச்சான், நீங்க படிச்ச படிப்புக்கு இது ஒரு வேலையா? செஞ்சு குடுங்க."

பிராங்கிளின் செய்து கொடுத்தான். அவன் ஸ்டான்லியின் அக்கா ஐரினைக் கட்டியவன். ஐரின் போன வருஷம் காய்ச்சலில் செத்துப்போனாள். அவன் அழவில்லை. அதன்பிறகு யார் எதைச் சொன்னாலும் செய்தான். மாமியார் ஜெயமேரி தட்டில் போட்டால் தின்றான், போடாத நாளில் கேட்கவும் இல்லை.

பக்கவாட்டில் திறக்கும் கதவின் எடையைக் கீல் சும்மா சுமக்கும். மேலே எழும் கதவை யாராவது தாங்கியாக வேண்டும். டிக்கியைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ராடு போல ஒன்றை அதற்காக வைத்தான். குழாய்க்குள் அடைத்த வாயு தண்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆனால் ராடு தள்ளுவது கீலிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கதவின் எடை இருப்பதோ மூன்று சாண் தூரத்தில். அதனால் கதவின் எடையைப் போல மூன்று மடங்கைத் தள்ளும் ராடாகத் தேடிப் போட்டான். கண்ணாடி ஏற்றும் மோட்டாரைக் கழற்றி எடையைக் குறைத்தான். கதவு உச்சியில் நிற்கும்போது ராடுக்குச் சிரமம் இல்லை. கொஞ்சம் இறங்கிவிட்டால்தான் சுமை ஏறும். எல்லாவற்றையும் கணக்குப் போட்டிருந்தான். இரவெல்லாம் திறந்து வைத்துப் பார்த்தான். இம்மியும் இறங்கவில்லை.

கல்யாணத்தன்று காலை, உள்ளே பூசை நடந்துகொண்டிருக்கும்போதே, மாதா கோவில் வாசலில் மலைச்சாமி காருக்குப் பூக்கட்ட வந்தார். கூடை கூடையாக நிலக்கோட்டை ரோஜா.

"நாலு பூவ ஒட்டிட்டு இம்புட்டுதானான்னு கேக்க விடுவமா? கதவத் தூக்குனா நுனிதான ஒசக்க நிக்கும். அங்கதான் கட்டணும்."

பிராங்கிளின் பக்கத்தில்தான் இருந்தான். மலைச்சாமியின் விரல்கள் நாரை முறுக்குவதைப் பார்த்தான். ஐரினைக் கல்லறைக்குக் கொண்டுபோன வண்டிக்கும் அந்த விரல்கள்தான் பூக்கட்டின. அவன் எழுந்து குழாயடிப் பக்கம் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். நுனியில் எவ்வளவு ஏற்றலாம் என்று மலைச்சாமிக்குச் சொல்ல வேறு ஆளில்லை. வெயிலுக்குப் பூ வாடாமலிருக்கத் தண்ணீரில் ஊறப்போட்ட பச்சை ஸ்பான்ஜை அவர் வரிசையாக வைத்துக் கட்டி, அதில் ரோஜாவைச் செருகினார்.

பூசை முடிந்தது. கதவு எழுந்தது. கூட்டம் ஓவென்றது.

"ஏலே, ஏரோப்ளேன்ல! பொண்ணத் தூக்கிட்டுப் பறந்துராதடா!"

கல்யாணப்பெண் ஜெஸ்ஸி உள்ளே உட்கார்ந்தாள். தலையில் முக்காடாகப் போட்ட நெட் கோணியிருந்தது. ஜெயமேரி குனிந்து, தலையை உள்ளே விட்டுச் சரிசெய்தாள். அப்போதுதான் பிராங்கிளின் திரும்பி வந்தான். கதவின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுவதைக் கண்டான். பூ இத்தனை இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. நுனியில் ஏறும் ஒரு கிலோ, ராடுக்கு ஐந்தாறு கிலோ.

"அத்தை" என்றான். சத்தம் வரவில்லை.

போட்டோவுக்காக, சரிந்த சரத்தை மலைச்சாமி எட்டி இழுத்து நேராக்கினார். அந்த இழுப்பு போதும். கதவு உச்சியை விட்டு அசைந்தது, பிறகு விறுவிறுவென்று இறங்கியது. கீழே ஜெயமேரியின் பிடரி.

எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்று அவனுக்குத் தெரியாது. தூக்கிய கை கதவைத் தாங்கியது, முழங்கையில் தகர விளிம்பு இறங்கியது.

"பிராங்கிளின் மாப்பிள்ளையப் பாருடா, தூணு கணக்காத் தாங்குறாரு!" என்று யாரோ சிரித்தார்கள். "அப்டியே நில்லுங்க சார்" என்றான் போட்டோக்காரன். ஜெயமேரி ஒன்றும் அறியாமல், வாயில் கவ்விய ஊசியை எடுத்து நிதானமாகக் குத்திக்கொண்டிருந்தாள்.

ஜெஸ்ஸிதான் முதலில் கண்டாள். நெட்டின் மேல் சிவப்பாக ஒரு சொட்டு.

"அண்ணே, ரத்தம்!"

ஜெயமேரி தலையை வெளியே எடுத்தாள். கதவைப் பார்த்தாள், தான் குனிந்திருந்த இடத்தைப் பார்த்தாள்.

"பூவ அவுக்கச் சொல்லுங்க அத்தை" என்றான் பிராங்கிளின்.

"கல்யாணக் கார மொட்டையாவா ஓட்டிட்டுப் போறது?" ஸ்டான்லி பதறினான். "ஊரே பாக்குது மச்சான்!"

"பாக்கட்டும்டா!" ஜெயமேரி கத்தினாள். "இன்னொரு சாவப் பாக்கணுமா உனக்கு? அவுத்துருங்கய்யா!"

மலைச்சாமி நாரை அறுத்தார். ஈர ஸ்பான்ஜ் தொப்தொப்பென்று மண்ணில் விழுந்தது. சுமை குறையக் குறைய, கதவு மெல்ல எழுந்து பழையபடி நின்றது. ஜெஸ்ஸி இறங்கி வேறு காரைப் பார்த்து நடந்தாள்.

பிராங்கிளினின் கை மட்டும் அப்படியே தூக்கியபடி இருந்தது. கதவு அதைத் தொடக்கூட இல்லை.

"எறக்குங்க மாப்ள."

"விழுந்துரும் அத்தை."

"விழாது. நின்னுருச்சு பாருங்க."

அவன் பார்க்கவில்லை. ஜெயமேரி அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். வரவில்லை. ஸ்டான்லியும் வந்து பிடித்தான், கை இறங்கவில்லை.