மருமகள் பச்சை

என் மாமனார் என்னோடு நாலு மாதம் பேசவில்லை. கோபம் என்றால் இரண்டு நாள் இருக்கலாம், போனால் போகிறது ஒரு வாரம் இருக்கலாம். நாலு மாதம் என்பது கோபமில்லை, உத்தியோகம். மகன் தன்னைக் கேட்காமல் பதிவாளர் அலுவலகத்தில் போய்க் கல்யாணக் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்பது முதல் குற்றம். இரண்டாவது குற்றத்தை நானே செய்தேன். வீட்டுக்கு வந்த முதல் நாள் பின்னறையில் வரிசையாக இருந்த கூண்டுகளைப் பார்த்து, நாலு நல்ல வார்த்தை பேசுவோமே என்று, "லவ் பேர்ட்ஸா மாமா? அழகா இருக்கு" என்றேன். மனிதர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

அத்தை என்னைத் தனியாக அழைத்துப்போய் விளக்கினார். "அது பட்ஜிம்மா, சின்னக் கிளி வகை. லவ் பேர்ட்ஸ் வேற ஜாதிப் பறவையாம். யாராவது மாத்திச் சொன்னா அவருக்கு ஆகாது. அதுலயும் இப்போ அந்த வார்த்தையே ஆகாது."

பேசவில்லை என்றால் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். நான் எதிரே நிற்பேன். அவர் பறவையைப் பார்த்து, "சில பேர் குளியலறை விளக்கை அணைக்கிறதே இல்ல" என்பார். பறவை பதில் சொல்லாது. அதுவாவது பரவாயில்லை, மானமுள்ள பறவை. சாப்பாட்டு மேசையில் அத்தைதான் தபால்காரி. "அந்தப் பொண்ணுகிட்ட உப்பு கம்மின்னு சொல்லு" என்பார். அத்தை என் பக்கம் திரும்பி, "உப்பு கம்மியாம்" என்பார். நான், "நாளைக்குச் சரியா போடுறேன்னு சொல்லுங்க அத்தை" என்பேன். மூன்று பேருக்கும் நடுவில் இருந்தது ஒரு தண்ணீர் ஜாடி மட்டும்தான்.

அவர் முப்பத்தோரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஆளைப் பார்த்தாலே டிக்கெட் இருக்கிறதா இல்லையா தெரிந்துவிடும் என்று பெருமையாகச் சொல்வார். அவர் கணக்கில் நான் டிக்கெட் இல்லாமல் ஏறியவள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. வங்கியில் காசோலைகளின் கையெழுத்தைச் சரிபார்க்கும் பிரிவில் ஆறு வருடமாக இருக்கிறேன். எத்தனை பேருடைய கோபத்தைப் பார்த்திருப்பேன். ஆனால் வெளியாள் கோபம் வேறு, தினமும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவர் கோபம் வேறு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு அப்பா கிடையாது, இவராவது ஒரு தடவை "வாம்மா" என்று கூப்பிட மாட்டாரா என்று ஏங்கினேன்.

இந்த நிலையில்தான் நான் முட்டையை உடைத்தேன்.

மாமா பறவை வளர்ப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தார். தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றலாம் என்று பின்னறைக்குப் போனவள், நீல ஜோடியின் கூட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஐந்து முட்டை, விரல் நகம் அளவுக்கு. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அவ்வளவுதான், என் விரலே அதற்கு எமனாக வந்தது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? பக்கத்துப் பெட்டியில் பச்சை ஜோடி ஒன்று ஆறு முட்டை இட்டிருந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்து நீலத்தின் பெட்டியில் வைத்தேன். எல்லா முட்டையும் வெள்ளைதான். உடைந்த முட்டை ஓட்டைச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போட்டேன். என் கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர், "முட்டைதானே, விடு" என்றார். அப்பாவுக்கு இருக்கும் பறவை அறிவு மகனுக்கு எப்படி வராமல் போனதோ தெரியவில்லை.

பட்ஜிகளில் மூல நிறம் பச்சை. பச்சைப் பறவைக்குள் நீலம் ஒளிந்திருக்கலாம். அதனால் இரண்டு பச்சை சேர்ந்து ஒரு நீலக் குஞ்சைப் பொரிக்கலாம். ஆனால் நீலத்துக்குள் பச்சை ஒளிய வழியே இல்லை. இரண்டு நீலம் சேர்ந்து ஒருநாளும் பச்சையைப் பொரிக்காது. இந்தத் துறையில் அரிச்சுவடி இது. எனக்கு இது தெரிந்தபோது குஞ்சுகளுக்கு இறகு முளைத்துவிட்டது.

நாலு நீலம், ஒரு பச்சை. வெண்டைக்காய்ப் பச்சை.

மாமா அந்தப் பெட்டியின் முன்னால் வெகுநேரம் நின்றார். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் நேராக வந்தார். அத்தையைப் பார்க்கவில்லை, பறவையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இங்க வாம்மா. வந்து இதப் பாரு."

போனேன். பச்சைக் குஞ்சைக் கையில் ஏந்திக்கொண்டு சொன்னார். "இருபத்தாறு வருஷமா வளர்க்கிறேன், இப்படி ஒண்ணு நடந்ததில்ல. எல்லாம் நீ வந்த நேரம்."

வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையில் அழுதேன். உண்மையைச் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நாலு மாதப் பட்டினிக்காரிக்கு இலை போட்டுப் பரிமாறுகிறபோது, இது என் இலை இல்லை என்று சொல்ல மனம் வருமா?

அன்றிலிருந்து வீடே மாறிப்போனது. காலையில், "அம்மாடி, இது சாம்பல் பச்சை. பச்சையோட சாம்பல் சேர்ந்தது. என் அறையில இருக்கிற ஜோடி மட்டும்தான் இந்த நிறம்" என்று பாடம் நடத்துவார். "கண்ணு சிவப்பு, உடம்பு மஞ்சள்னா லுட்டினோ. திட்டுத் திட்டா இருந்தா பைடு." நான் தலையாட்டுவேன். மாலையில் வங்கியிலிருந்து வர ஐந்து நிமிடம் தாமதமானால் வாசலில் நிற்பார். அத்தை தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஒரு சுற்றுப் பெருத்தார்.

இதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சங்கத் தலைவர், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துபவர், ஒருநாள் தினை வாங்கிப்போக வந்து பச்சைக் குஞ்சைப் பார்த்துவிட்டார். இரண்டு நீலத்தின் கூட்டில் பச்சை. மறுநாளே சங்கச் செயலாளரையும் அழைத்துக்கொண்டு வந்தார். செயலாளர் பல் டாக்டர். பல்லைப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைக் கூட்டுப் பெட்டிக்குள் விட்டுப் பார்த்தார்.

"பொட்டைக்கு எதிர்ல பச்சைத் திரை ஏதாவது தொங்கிச்சா?" என்று தலைவர் கேட்டார். "முட்டை இடுற நேரத்துல அதையே பார்த்துக்கிட்டு இருந்திருந்தா?"

"அப்படிப் பார்த்தா என் கிளினிக்ல பிறக்கிற புள்ளைங்க எல்லாம் பல்லோடதான் பிறக்கணும்" என்றார் டாக்டர்.

கிளினிக்கில் யார் பிள்ளை பெறுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் இது புது நிறம்தான் என்று முடிவானது. அதற்குப் பெயர் வேண்டுமே. மாமா என்னைப் பார்த்தபடி, "மருமகள் பச்சை" என்றார். தலைவர் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். அதே ஜோடி அடுத்த ஈட்டிலும் பச்சை பொரித்தால்தான் பதிவு. மாற்றிவிடக் கூடாது என்பதற்காகச் செயலாளர் ஒவ்வொரு முட்டையிலும் கையெழுத்துப் போடுவார். அந்த நீல ஜோடிக்கு மானம் ரோஷம் எதுவுமில்லை, மூன்றே வாரத்தில் மறுபடியும் ஐந்து முட்டை இட்டது. டாக்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மெல்லிய பேனாவால், குழந்தையின் பல்லைத் தொடுகிற மாதிரி, ஐந்திலும் கையெழுத்துப் போட்டு ஊதி ஊதிக் காயவைத்துவிட்டுப் போனார்.

எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. அடுத்த ஈட்டில் ஐந்தும் நீலமாக வந்தால் என்ன ஆகும்? முதல் பச்சை எங்கிருந்து வந்தது என்று கேள்வி வரும். மறுபடி நான் குளியலறை விளக்கை அணைக்காத சில பேரில் ஒருத்தி ஆகிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா குளிக்கப் போனதும் பின்னறைக்கு ஓடினேன். அறையிலிருந்து அத்தை வெளியே வந்துகொண்டிருந்தார். "ஃபேனை அணைக்கப் போனேன்" என்றார். அந்த அறையில் ஃபேனே கிடையாது. முந்தின நாள் என் கணவரும் போன் சார்ஜரைத் தேடி அங்கேதான் போயிருந்தார். இருந்த அவசரத்தில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பச்சைப் பெட்டியிலிருந்து ஒரு முட்டை எடுத்தேன். ஆறு வருடம் கள்ளக் கையெழுத்தைப் பிடித்த கையால் கள்ளக் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் போட்ட ஒன்றில் மையைத் துடைத்துப் பச்சையின் பெட்டியில் விட்டேன்.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். மீதி நாலு முட்டையிலும் கையெழுத்து ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒன்றில் சுழி பெரிது, ஒன்றில் சுழியே இல்லை, ஒன்று பென்சிலில் இருந்தது. எங்கள் வங்கியிலும் இப்படிச் சில பேர் உண்டு, போடும் ஒவ்வொரு காசோலையிலும் ஒரு கையெழுத்து. டாக்டரும் அந்த ரகம்தான் போல என்று நினைத்துப் பெட்டியை மூடினேன். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

குஞ்சுகளுக்கு இறகு முளைத்த பிறகு திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மாமா யாரையும் எந்தப் பெட்டிப் பக்கமும் விடவில்லை, தானும் திறக்கவில்லை. அந்த நாளில் தலைவரும் டாக்டரும் வந்தார்கள். அத்தை நல்ல புடவை கட்டிக்கொண்டார். என் கணவர் விடுப்புப் போட்டிருந்தார். டாக்டர் மூடியைத் தூக்கி, ஒவ்வொரு குஞ்சாக எடுத்து மேசைத் துணியில் வைத்தார்.

முதலாவது பச்சை. எனக்கு மூச்சு வந்தது. இரண்டாவது மஞ்சள், கண் சிவப்பு. மூன்றாவது திட்டுத் திட்டாகப் பச்சையும் மஞ்சளும். நாலாவது சாம்பல் பச்சை. ஐந்தாவது நீலம்.

தலைவர்தான் முதலில் பேசினார். அந்த ஐந்தாவதைச் சுட்டிக்காட்டி, "இந்த நீலம் எப்படிங்க உள்ள வந்துச்சு?" என்றார்.

மாமா குனிந்து பார்த்தார். மஞ்சள் குஞ்சை எடுத்தார். லுட்டினோ ஜோடி இருப்பது கீழ் வரிசைப் பெட்டியில். நீலத்தின் பெட்டியை விட்டால், முழங்கால் வலிக்காரியான அத்தைக்கு ஸ்டூல் போட்டு ஏறாமல் கை எட்டுவது அது ஒன்றுதான். மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். திட்டுக் குஞ்சை எடுத்தார். பைடு ஜோடி ஜன்னல் ஓரத்தில், சார்ஜர் செருகுமிடத்துக்கு மேலே. மகனைப் பார்த்தார். மகன் உத்தரத்தைப் பார்த்தான். பச்சையை எடுத்தார், என்னைப் பார்த்தார். முப்பத்தோரு வருடம் ரயிலில் எத்தனை பேரை இப்படிப் பார்த்திருப்பாரோ. நான் தலைகுனிந்தேன்.

சாம்பல் பச்சையை எடுத்தபோது மட்டும் அவர் யாரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

அதற்குள் டாக்டர் தன் குட்டிக் கண்ணாடியை மற்றப் பெட்டிகளில் விட்டு, மாமாவின் அறை வரைக்கும் போய் வந்துவிட்டார். "நாலு பெட்டியில வேண்டாத விருந்தாளியா ஒவ்வொரு நீலக் குஞ்சு இருக்கு. என்ன சார் இதெல்லாம்?"

நான் வாயைத் திறந்தேன். மாமா முந்திக்கொண்டார்.

"நான்தான் மாத்தினேன். அஞ்சையும் நான்தான்."

"அஞ்சு இல்ல சார், நாலு. ஒண்ணு ஒழுங்கா நீலமா இருக்கு."

"அப்போ நாலு."

"மாமா," என்றேன்.

"நீ போய் டீ போடும்மா" என்றார்.

டீ யாரும் குடிக்கவில்லை. சங்கத்தில் அவர் எண் பதினேழு. பிறக்கும் ஒவ்வொரு குஞ்சின் காலிலும் பதினேழு என்று பொறித்த வளையம் போடுவார். அந்த எண்ணை ரத்து செய்துவிட்டதாகத் தலைவர் சொன்னார். மீதி வளையங்கள் இருந்த டப்பாவை மாமாவே எடுத்துவந்து கொடுத்தார். நோட்டில் "மருமகள் பச்சை" மேல் டாக்டர் கோடு கிழித்தார்.

அவர்கள் போனதும் அத்தை தாமாகவே ஆரம்பித்தார். "முதல் முட்டை ஓட்டைக் குப்பையில பார்த்தேன். திரும்ப நீங்க இவகிட்ட பேசாம போயிட்டா? நாலு மாசம் நடுவுல நின்னு தபால் கொடுத்தேனே, இன்னொரு தடவை என்னால முடியாது. அதான்." என் கணவர், "நானும் அதுக்குத்தான்" என்றார். அவ்வளவு பெரிய பேச்சை அவர் அதற்கு முன் பேசியதில்லை.

மாமா பின்னறைக்குப் போய்க் குஞ்சுகளை அதனதன் பெட்டியில் திரும்ப விட்டுக்கொண்டிருந்தார். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

"முதல் முட்டையை உடைச்சது நான்தான் மாமா."

"தெரியும். ரெண்டு நீலத்துக்குப் பச்சை பிறக்கும்னு நம்ப நான் என்ன அந்த டிரைவிங் ஸ்கூல்காரனா? நீ வந்த நேரம்னு சொன்னது வீட்டுக்குள்ள சொன்ன பொய். அவன் வந்து பார்த்துத் தொலைச்சான். சோதனைன்னு வந்ததும், உன் குட்டு வெளிய வந்துடுமேன்னு நானும் ஒண்ணை எடுத்து வச்சேன்."

"அன்னைக்கே என்னைத் திட்டியிருக்கலாமே மாமா. உங்க எண்ணாவது மிஞ்சியிருக்கும்."

அவர் பெட்டியின் மூடியை மெதுவாகச் சாத்தினார்.

"திட்டத்தான் கிளம்பி வந்தேன். திட்டணும்னா உன்கிட்ட பேசியாகணும். நாலு மாசம் கழிச்சுப் பேசப் போறேன், அதைப் போய் எதுக்குத் திட்டுல ஆரம்பிக்கணும்னு தோணிச்சு."