இடுப்பெலும்பு

"பை மாறிடுச்சும்மா, அவ்வளவுதான், எவனோ கிழவன் பையை..."

"இது மாறுற எலும்பாடா?"

"...அவசரத்துல எடுத்துட்டு வந்துட்டேன்னு சொல்றேன்ல!"

"கத்தாதே! எந்தக் கிழவன்? பேரைச் சொல்லு, இப்பவே கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றேன்."

பெக்தூர் முதுகைக் காட்டிக்கொண்டு ஜாக்கெட்டைக் கழற்றினான். மேசைமேல் பிளாஸ்டிக் பை பிரிந்து கிடந்தது. உள்ளே வெந்த குதிரையின் இடுப்பெலும்பு, இறைச்சியோடு. பக்கத்து வீட்டுப் பையன் ஜெனிஷ் இறந்த நாற்பதாம் நாள் பாத்திஹாவிலிருந்து தாயும் மகனும் அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். ஆண்கள் கூடாரத்தில் அவன், பெண்கள் அறையில் தாய் ஊல்கான். மிஞ்சிய பங்கைப் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவது பிஷ்கெக்கில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் எலும்பை வயது பார்த்துத்தான் வைப்பார்கள்; இடுப்பெலும்பு பந்தியிலேயே மூத்தவருக்கு. பதினேழு வயதுக்கு ஒரு விலா கிடைத்தாலே அதிகம்.

"அந்தப் பந்தியில தாடி நரைச்சவங்க இருந்தாங்கல்ல? எழுந்து அவங்க பக்கம் தள்ள வேண்டியதுதானே?"

"தள்ளினாலும் வாங்க மாட்டாங்க."

"ஏன்?"

"அவங்க பேரப்பசங்களும் எங்க பள்ளிக்கூடத்துலதான் படிக்கறாங்க."



"ஓ! அப்ப துரைக்கு அங்க என்ன உத்தியோகம்?"

"கிண்டல் வேணாம்மா. வகுப்புக்கு ஒருத்தன் பசங்ககிட்ட காசு வசூல் பண்ணுவான். பள்ளிக்கூடத்துக்கு ஒருத்தன் பார்த்துப்பான். அவனுக்கு மேல வட்டாரத்துக்கு ஒரு அண்ணன். அவருக்கும் மேல இருக்கறவர் ஜெயில்ல இருக்கார். பள்ளிக்கூடம் என் கையில."

"வெக்கமா இல்ல உனக்கு? உங்கப்பன் மாஸ்கோவுல பனி அள்ளிக் கொட்றான், நான் சம்சா அடுப்புல கிடந்து வேகறேன்..."

"ஏழாவதுல என் ஜாக்கெட்டை உருவிட்டாங்க. வாத்தியார்கிட்ட சொல்லுன்னீங்க. வாத்தியார், குடுத்துத் தொலைடான்னார். அப்பாவுக்கு போன் பண்ணினேன், சரியா கேக்கலைன்னு வச்சுட்டார். அண்ணன்தான் திருப்பி வாங்கித் தந்தார். இந்தத் தெருவுல எந்தெந்த வீட்டுல அப்பா ஊர்ல இல்லையோ, அந்த வீட்டுல எல்லாம் அவருக்கு ஒரு பையன் இருக்கான். போய்ப் பாருங்க!"

"உருவினவனும் அதே அண்ணனோட ஆளுதானேடா, மடையா!"

அவன் முகம் சிவந்துபோயிற்று. "நான் ஒருத்தன் மேலயும் கை வச்சதில்லை. அடிக்கறதெல்லாம் கீழ இருக்கற பசங்க வேலை. நான் சொல்லாம எவனும் கை ஓங்க மாட்டான்."

சொன்னது சொன்ன பிறகுதான் அவன் காதிலேயே விழுந்தது போலிருந்தது.

ஜெனிஷ் வசூலுக்குக் காசு தரமாட்டேன் என்று சொன்னவன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், கார் கொட்டகைகளுக்கு நடுவில் செத்துக் கிடந்தான். தவறி விழுந்தான் என்று போலீஸ்காரர்கள் எழுதிக் கதையை முடித்துவிட்டார்கள். ஊல்கானும் இன்றுவரை அதைத்தான் நம்பியிருந்தாள்.

"இதை உன் முன்னாடி வச்சது யாரு? பரிமாறின பசங்களா?"

"இல்லை. சாயிரா அக்கா."

"ஜெனிஷோட அம்மாவா? ஆம்பளைங்க கூடாரத்துக்குள்ளயா?"

"அவங்களே எடுத்துட்டு வந்து வச்சாங்க. வச்சுட்டு, நின்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க."

"நீ எடுத்துக்கிட்டே."

"எடுத்துக்கிட்டேன்."

ஊல்கான் பையை இழுத்து முடிச்சுப் போட்டாள். முடிச்சு நிற்கவில்லை; மறுபடியும் போட்டாள்.

"ஜெனிஷை அடிக்கச் சொன்னது யாருடா?"