எதிர்ப்பக்கத்து ஆள்

ராத்திரி மழை பெய்தால், ஓடுபாதையில் ஊர்ந்து வந்து கிடக்கும் மண்புழுக்களை விடிவதற்குள் கூட்டித் தள்ளியாக வேண்டும். புழு கிடந்தால் பறவை வரும்; பறவை வந்தால் விமானத்துக்கு ஆபத்து. முழங்கால் வரை ஈரப்புல், மூக்கில் எண்ணெய் நெடி, விரலிடுக்கில் வெடிமருந்துக் கரி. மேலே பறக்கிற மகராசன்களுக்கு நாங்கள் இருப்பதே தெரியாது.

பறவை விரட்ட எங்களுக்கு ஒரு முறை உண்டு. ஓடுபாதைக்கு இந்தப் பக்கம் ஒருவர், எதிர்ப்பக்கம் ஒருவர். எதிர்ப்பக்கத்து ஆள் 'இருக்கேன்' என்று கை தூக்கிய பிறகுதான் பட்டாசு வெடிக்க வேண்டும். வெடித்ததும் பறவைக் கூட்டம் எதிர்ப்பக்கம் பாயும். அங்கே இருப்பவர் பதிலுக்கு வெடித்து வேலிப்பக்கம் திருப்பிவிடுவார்.

காண்ட்ராக்டர் போன மாதம் எதிர்ப்பக்கத்து ஆட்களை எல்லாம் நிறுத்திவிட்டான். "கொக்கு விரட்ட ஜோடி எதுக்கு? கல்யாண ஊர்வலமா?" என்று சிரிப்பு வேறு. எங்களோடு வெடி போடும் பட்டாசக்காவின் ஜோடி அவளுடைய கொழுந்தன். அவனும் போனான். இரண்டு குடும்பமும் அவள் ஒருத்தி தலையில் விழுந்தது.

ஒருநாள் விடியலில் விமானம் ஓடத் தொடங்கும் நேரம், அக்காவின் முன்னால் கொக்குக் கூட்டம் இறங்கியது. பதறிப்போனவள், எதிரே பார்க்காமல் பழக்கத்தில் வெடித்துவிட்டாள். "தம்பி, திருப்புடா!" என்று கத்தினாள். திருப்ப யார் இருக்கிறார்கள்? கூட்டம் விமானத்தின் முன்னால் பாய்ந்தது. கொக்கு சிக்கி ஓர் எஞ்சின் புகைந்தது; விமானம் பாதியில் நின்றது. நல்லவேளை, யாருக்கும் காயம் இல்லை. ஜீப் ஓட்டுகிற நான்தான் சிறகுகளை அள்ளினேன்.

காண்ட்ராக்டர் எங்கள் கொட்டகைக்கே வந்துவிட்டான்.

"தூங்கிட்டேன்னு சொல்லிடு. விஷயம் உன்னோட முடிஞ்சிடும்."

"தூங்கலைங்க. வெடிச்சது தப்புதான். எதிர்ல ஆள் இருக்குன்னு கை நெனச்சிடுச்சு."

"அப்ப உன் தப்புதானே?"

"அந்த ஆளை அனுப்புனது யாருங்க?"

"வாய் நீளுது! நாளையிலேர்ந்து நீ வராதே."

அவன் போனதும் அக்கா பூட்ஸைக் கழற்ற உட்கார்ந்தாள். ஆடி அசைந்து நடப்பதால் நத்தை என்று பேர் வாங்கிய எங்கள் கூட்டாளிதான் முதலில் வாய் திறந்தான்.

"அக்கா, கழட்டாதே. நாளைக்கு என் கையும் இப்படித்தான் நெனைக்கும். இன்னிக்கு நீ, நாளைக்கு நான். இதை விடக்கூடாது."

கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினோம்.

மறுநாள் விடியல். ஒவ்வொரு விமானத்துக்கும் முன்னால், கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து, நாங்கள் நிற்கும் ஒவ்வொரு முனையாக வாக்கி டாக்கியில் கேட்பார்கள். 'சுத்தம்' என்று நாங்கள் சொன்னால்தான் விமானம் நகரும்.

"முதல் முனை?"

"ஒத்தை ஆளா நிக்கிறேன். சுத்தம்னு சொல்ல முடியாதுங்க" என்றான் நத்தை.

"ரெண்டாவது முனை?"

அங்கிருந்தும் அதே பதில்.

"மூணாவது?"

அது அக்காவின் இடம். ஜீப்பிலிருந்து நான் சொன்னேன்: "இங்க ஆளே இல்லைங்க. எங்க அக்கா வேலிக்கு வெளியில நிக்கிறா."

காண்ட்ராக்டர் குறுக்கே புகுந்து கத்தினான். "எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்!" அனுப்பினாலும் அனுப்புவான். ஆனாலும் யாரும் 'சுத்தம்' என்று சொல்லவில்லை. விமானம் உறுமிக்கொண்டே நின்றது.

வேலிக்கு அப்பால் பூட்ஸோடு அக்கா, பக்கத்தில் கொழுந்தன், நிறுத்தப்பட்ட மற்ற எல்லாரும். அக்கா கையைத் தூக்கினாள். ஓடுபாதையின் இந்தப் பக்கத்திலிருந்து நத்தை தூக்கினான். பிறகு நாங்கள் எல்லாரும்.

ஆட்களை நிறுத்திய ஒரு மாதத்துக்குப் பிறகு, அன்றைக்குத்தான் எங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் ஆள் இருந்தது.