நாலு விரல் கூடுதல்

தையல்காரருக்குக் கால் சும்மா இருக்காது. காலமெல்லாம் மிஷின் மிதித்த கால், கடையை ஒரேயடியாக மூடிய பிறகும் மிதித்துக்கொண்டேதான் இருந்தது. சாப்பிடும்போது மிதிக்கும், டி.வி. பார்க்கும்போது மிதிக்கும், தூக்கத்திலும் மிதிக்கும். அந்தத் தூக்கத்து மிதிதான் வம்பு. பக்கத்தில் படுத்திருப்பது பெண்டாட்டி அல்லவா!

கால் மட்டுமா, ஆளும் அப்படித்தான். வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்து தரை தேய்ந்தது. ஒரு நாள் ரொட்டிக் கம்பெனி கழித்துவிட்ட ஓட்டை வேன் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். உள்ளே ஒரு படுக்கை, ஓர் அடுப்பு, ஒரு தண்ணீர்க் கேன், அது போதும், ஊர் ஊராகச் சுற்றலாம் என்றார்.

"ஜோரா போயிட்டு வாங்க," என்றாள் மனைவி. "வீட்டுக் கட்டில்லயே உங்க கால் என்னைச் சுவரோட ஒட்ட வச்சிடுது. அந்தத் தகர டப்பாக்குள்ள வந்து உதை வாங்க என்னால ஆகாது."

"வராட்டி போ! எனக்கென்ன, ஒத்தையாவே போறேன்."

வீம்புக்குச் சொல்லிவிட்டார். உள்ளே திக்கென்றது. கடையில் காஜா எடுத்ததும் பட்டன் வைத்ததும் அவள்தான். அவள் பக்கத்தில் இல்லாமல் ஒரு மதியத்தைக்கூட அவர் கழித்ததில்லை. அவள் வராவிட்டால் அந்த வேன் வெறும் தகரம். ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னால் கௌரவம் என்னாவது?

ஆகவே வேலையில் பாய்ந்தார். வெயில் இறங்காமலிருக்க, தகரத்துக்கும் உள்பலகைக்கும் நடுவே கடையில் மிஞ்சிய வெட்டுத் துணியைத் திணித்தார். மெத்தைக்குள்ளும் வெட்டுத் துணிதான். லைனிங் துணியில் ஜன்னல் திரை. எதையாவது உருப்படியாக முடித்தாரா? திரை பாதியில் தொங்கும்போதே அடுப்புக்குத் தாவுவார், அடுப்பை விட்டுவிட்டு மறுபடி ஊசியைத் தேடுவார்.

கட்டிலுக்கு, கடையில் துணி வெட்டிய மேஜையின் பலகையே போதும். ஓர் ஆள் படுக்கிற அளவைச் சொல்லி மச்சானிடம் கொடுத்தனுப்பினார். மச்சான் என்றால் மனைவியின் தம்பி, தச்சன், வாய்த்துடுக்கு. அவன் அறுத்துக் கொண்டுவந்த பலகையை உள்ளே போட்டால், அடுப்பு வைக்கிற இடத்தையும் சேர்த்து அடைத்துக்கொண்டது.

"மாமா, நீங்க சொன்ன அளவுதான். ஒரு நூல் பிசகலை."

தையல்காரர் டேப்பை வைத்துப் பார்த்தார். அந்தப் பக்கம் நாலு விரல், இந்தப் பக்கம் நாலு விரல் கூடுதல். அசடு வழிந்தது. பள்ளிச் சீருடை தைத்தே பிழைத்தவர். வளருகிற பிள்ளைகள், பின்னால் பிரித்து விட வேண்டுமே என்று எதற்கும் இரண்டு பக்கமும் துணி விட்டுத்தான் வெட்டுவார். பலகைக்கும் விட்டுத் தொலைத்திருந்தார்.

"பலகை வளரும்னு நினைச்சீங்களா மாமா? இல்ல, உள்ள மடிச்சுத் தைக்கப் போறீங்களா?"

மச்சான் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு ரம்பத்தை எடுத்தான். சத்தம் கேட்டு மனைவி வந்தாள். விஷயத்தைக் கேட்டவள் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வேனில் ஏறி, பலகையில் சுவரோரமாகப் படுத்தாள்.

"நீங்களும் படுங்க பார்ப்போம்."

படுத்தார். தோளோடு தோள் இடித்தது. ஆனால் யாரும் விழவில்லை.

"டேய், ரம்பத்தைக் கீழ போடு."

"அப்ப அடுப்பை எங்க வைக்கிறதுக்கா?"

"வெளிய வச்சு சமைச்சுக்கிறேன். உனக்கென்ன வந்துச்சு?"

"நீதான் வரமாட்டேன்னியே," என்றார் தையல்காரர்.

"ஒத்தையா போறவர் எதுக்கு ரெண்டு பக்கமும் இடம் விட்டீங்க?"

"அது... கைப்பழக்கம்."

"இருக்கட்டும்."

அவருடைய கால் மெல்ல மிதிக்கத் தொடங்கியது. பலகை கிரீச்சிட்டது. அவள் தன் காலைத் தூக்கி அதன்மேல் போட்டு அழுத்தினாள்.

"வண்டி ஓட்டும்போது மிதிச்சுக்கங்க," என்றாள்.